நான் பார்க்காத ஒரு நிமிடம்

ஊக்கமருந்துச் சோதனைக்கு மாதிரி எடுக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். உங்கள் பயிற்சிக் கையேட்டில் ஒரு வரி இருக்கும். வீரர் சிறுநீர் கழிப்பதை, அது உடம்பை விட்டு வெளியேறி டப்பாவில் விழும் வரைக்கும், எந்த மறைப்பும் இல்லாமல் அலுவலர் நேராகப் பார்க்க வேண்டும் என்று. அதை வாசித்ததும் வகுப்பின் கடைசி வரிசையில் ஒரு சிரிப்பு கிளம்பியிருக்குமே? எங்கள் வகுப்பிலும் கிளம்பியது. கிளப்பியவன் நான்தான். இத்தனை வருஷம் டாக்டருக்குப் படித்தது இதைப் பார்க்கவா என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு நான் என்ன விலை கொடுத்தேன் என்பதைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. திருநெல்வேலியில் ஓர் அரசு மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். டெல்லியில் மூன்று நாள் பயிற்சிக்கு யாரையாவது அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்தது. மூத்த டாக்டர்கள் எல்லாரும் தங்களுக்கு இடுப்பு வலி, பெண்ணுக்குப் பரீட்சை என்று ஒவ்வொரு காரணமாகச் சொல்லிக் கழன்றுகொள்ள, கடைசியில் என் தலையில் கட்டினார்கள். திரும்பி வந்தபோது மாவட்டத்திலேயே அந்தச் சான்றிதழ் வைத்திருக்கும் ஒரே ஆள் நான்தான். எங்கே பெரிய போட்டி நடந்தாலும் ஐஸ் பெட்டியோடும் பாட்டில்களோடும் போய் நிற்பேன்.

என் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். விஷயம் தெரிந்த அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "குளிக்கும்போதுகூடக் கண்ண மூடிக்கிட்டுக் குளிக்குத ஆளு நீங்க. உங்களப் போயி இந்த வேலைக்குப் போட்டிருக்காவளே!" என்றாள். அவள் சொன்னதில் கொஞ்சம்தான் மிகை. எங்கள் வீட்டில் சட்டை மாற்றுவதற்கே அறைக் கதவைச் சாத்துவோம். வளர்ப்பு அப்படி.

அந்த வருஷம் மாநில அளவிலான குத்துச்சண்டைப் போட்டியைப் பாளையங்கோட்டையில் வைத்தார்கள். அதில் விக்கிரமசிங்கபுரத்திலிருந்து இசக்கிமுத்து என்று ஒருவன் வந்திருந்தான். இருபத்திரண்டு வயது இருக்கும். நூல் ஆலையில் பதிலித் தொழிலாளி. அதாவது ஒவ்வொரு ஷிப்ட் தொடங்கும்போதும் வாசலில் போய் நிற்க வேண்டும். உள்ளே யாராவது வரவில்லை என்றால் அன்றைக்கு வேலை. எல்லாரும் வந்துவிட்டால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அப்பா இல்லை. அம்மாவுக்குக் கால் வீங்கிப் படுத்த படுக்கை. அக்கா பீடி சுற்றி வீட்டைக் காத்து வந்தாள். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் அரசுத் துறையிலிருந்து அவனுக்குக் கடிதம் வந்திருந்தது. மாநிலப் பட்டத்துக்கான சான்றிதழைக் கொண்டு வந்து காட்டினால் வேலை. அந்தக் கடிதத்தை அவன் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கையோடு கொண்டு வந்திருந்தான். போட்டிக்கு முன்னால் உடல்தகுதி பார்க்க வந்தபோது, நான் கேட்காமலேயே எடுத்து எனக்குக் காட்டினான்.

இறுதிப் போட்டி ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு. எதிரே பாளையங்கோட்டைக் கல்லூரிப் பையன் ஒருவன். நல்ல உயரம், நல்ல பயிற்சி. ஆலைக்காரர்கள் இரண்டு பஸ் பிடித்து வந்து ஒரு பக்கம் முழுக்க உட்கார்ந்துவிட்டார்கள். மறுபக்கம் கல்லூரிக் கூட்டம். மூன்றாவது சுற்றில் இசக்கிமுத்துவின் இடது கை எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. கல்லூரிப் பையன் கயிற்றில் சாய்ந்து மெதுவாக உட்கார்ந்தான். ஒரு பக்கம் அரங்கமே கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்தியது. மறுபக்கம் ஒரு குரல், "மருந்து! மருந்து! பயலச் சோதிச்சுப் பாருங்கவே!" என்று கிளம்பி, பத்துக் குரலாகி, நூறு குரலாகியது.

அவர்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் வெற்றி பெற்றவரைச் சோதிப்பது விதி. அவனுடைய பெயரை அழைத்துக் கையெழுத்து வாங்கி, எனக்கென்று ஒதுக்கியிருந்த அறைக்கு அழைத்துக்கொண்டு போனேன். அறையை ஒட்டியே ஒரு கழிப்பிடம். போட்டி நடந்த நான்கு நாளும் வந்தவர் போனவர் எல்லாருக்கும் அதுதான். தரை எப்போதும் ஈரமாகவே கிடந்தது.

பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்தோம். அவனுக்கு வரவில்லை. உதடெல்லாம் வெடித்திருந்தது. மூடி உடைக்காத தண்ணீர் பாட்டில்களை வரிசையாக வைத்து அவனையே எடுத்துக்கொள்ளச் சொன்னேன். குடித்தான். ஒரு மணி ஆயிற்று, வரவில்லை. கலர் சோடா வாங்கிவரச் சொல்லி, அதையும் அவன் கையாலேயே உடைத்துக் குடித்தான். ஆறு கலர் குடித்துவிட்டு, "சார், வயிறுதான் குளம் மாதிரி இருக்கு. வழிதான் திறக்க மாட்டக்கு" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான். அதற்கப்புறம் நாங்கள் டாக்டரும் வீரரும் மாதிரி இல்லை. ரயிலுக்குக் காத்திருக்கும் இரண்டு பேர் மாதிரி ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தோம். அக்கா கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். வேலை கிடைத்ததும் முதல் வேலையாக அவளுக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டுமாம். அப்படி அவனோடு பேசிக்கொண்டிருந்தது தப்பில்லை. அடுத்து நடந்ததுதான் தப்பு.

இரண்டே முக்காலுக்கு எழுந்தான். "வருது சார்" என்றான். உறையைப் பிரித்து டப்பாவை எடுத்துக்கொண்டான். கழிப்பிடத்துக்குள் போய் நின்றான். நான் விதிப்படி பக்கத்தில் போய் நின்றேன். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். காது மடலெல்லாம் சிவந்து தலையைக் குனிந்துகொண்டான்.

"சார்... கோவிச்சுக்காதீய. நீங்க பாத்துக்கிட்டே நின்னா வரமாட்டக்கு. கொஞ்சம் அங்கன திரும்பிக்கிடுதீயளா?"

நான் திரும்பிக்கொண்டேன். அவ்வளவுதான். சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்து, அதில் யாரோ ஒரு அரசியல் கட்சியை வாழ்த்திக் கரியால் எழுதியிருந்தார்கள். அதை வாசித்துக்கொண்டிருந்தேன். அப்போது பின்னால் தரையில் டொக்கென்று ஏதோ விழுந்தது.

"என்னலே?" என்றேன், திரும்பாமல்.

"ஒண்ணுமில்ல சார். கை நழுவிட்டு."

அதற்கப்புறம் சத்தம் கேட்டது. டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தான். அவன் கண்முன்னாலேயே இரண்டு பாட்டிலில் ஊற்றி, மூடி, முத்திரை வைத்தேன். படிவத்தில் ஒரு கட்டம் இருக்கும், 'கழிப்பதை நேரில் கண்டேன்' என்று. மற்ற கட்டங்களில் எப்படிக் குறி போட்டேனோ அப்படியே அதிலும் போட்டேன். கை கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. நான் ஒரு பொய் எழுதுகிறேன் என்ற நினைப்பே இல்லை. கூச்சப்பட்ட ஒரு பையனுக்கு உதவியதாகத்தான் நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஐந்தாறு வாரத்தில் டெல்லியிலிருந்து முடிவு வந்தது. இசக்கிமுத்துவின் மாதிரியில் தடை செய்யப்பட்ட மருந்து இருக்கிறது. பலம் கொடுக்கிற மருந்து இல்லை. உடம்பிலிருக்கும் நீரை இறக்குகிற மருந்து. எடை கூடிப்போன குத்துச்சண்டைக்காரர்கள் தராசில் ஏறுவதற்கு முன்னால் இதைப் போடுவது உண்டு. கால் வீக்கத்துக்கு நாமே தினம் பத்துப் பேருக்கு எழுதிக் கொடுப்போம். இரண்டாவது பாட்டிலையும் சோதித்தார்கள், அதுவும் அதே. பட்டத்தை நிறுத்திவைத்து, இரண்டு மாதம் தள்ளி விசாரணைக்கு நாள் குறித்தார்கள்.

ஊர் இரண்டாகப் பிரிந்துகொண்டது. பஸ்ஸில் பேச்சு, டீக்கடையில் பேச்சு, கோர்ட்டு வாசலில் பேச்சு. ஒரு நாள் முகச்சவரத்துக்குச் சலூனில் உட்கார்ந்திருந்தேன். முகம் முழுக்க நுரை. நான் யாரென்று தெரியாமல் பெஞ்சில் இரண்டு பேர் மல்லுக்கு நின்றார்கள்.

"மருந்தக் குடிச்சிட்டு அடிச்சா நோஞ்சான்கூடத்தான் ஜெயிப்பான். அதுல என்னவே பெரும?" என்றார் பாளையங்கோட்டைக்காரர்.

"எந்தக் கடையில விக்காவ அந்த மருந்த? எனக்கும் ஒண்ணு வாங்கித் தாரும். எங்க மேஸ்திரிகிட்ட ஒரு பேச்சு பேச வேண்டியிருக்கு" என்றார் மற்றவர். அவர் சேரன்மகாதேவிக்காரர், ஆனால் மச்சான் ஆலையில் இருக்கிறாராம். ஆகவே ஆலைக் கட்சி.

"டெல்லியில மிசின் சொல்லுதுவே. மிசினு பொய் சொல்லுமா?"

"மிசினு சொல்லாது. பாட்டில யாரு குடுத்தா மிசினுக்கு? அந்த டாக்டர்தானே? அவரு ஒழுங்காப் பாத்து வாங்கினாரான்னு யாருக்குவே தெரியும்? நீரு பாத்தீரா, நான் பாத்தேனா?"

சவரக்கத்தி அப்போது என் கழுத்தில் இருந்தது. எச்சில் விழுங்கவும் பயமாக இருந்தது. கடைக்காரரும் அது நான்தான் என்று தெரியாமலேயே எனக்காக நியாயம் சொன்னார்: "டாக்டர் படிச்ச மனுசன்லா, பாக்காமலா கையெழுத்துப் போடுவாரு?" அந்த ஒரு வார்த்தைதான் என்னை மிகவும் வதைத்தது. ரசிகர்களுக்கு நம் தொழிலைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது என்று நீங்கள் பேசிக்கொள்வது எனக்குத் தெரியும். நானும் பேசியிருக்கிறேன். அன்றைக்கு அந்த சேரன்மகாதேவிக்காரர் கேட்டதுதான் சரியான கேள்வி. டெல்லியில்கூட யாரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை.

விசாரணைக்கு நான்கு நாள் இருக்கும்போது, ஒரு பெண் மருத்துவமனையில் சீட்டு வாங்கி, புறநோயாளிகள் வரிசையில் நின்று, என் மேசைக்கு வந்தாள். முப்பது வயதிருக்கும். விரல் நுனியெல்லாம் புகையிலைக் கறை. வழக்கம்போல, "என்ன செய்யுது?" என்று கேட்டேன்.

"எனக்கு ஒண்ணும் செய்யல சார். என் தம்பிக்குத்தான். நான் இசக்கிமுத்துக்கு அக்கா, பேச்சியம்மா."

நான் பேனாவை மூடி வைத்தேன்.

"அவன் எதையும் தின்னுருக்க மாட்டான் சார். வெத்தல பாக்குகூடப் போடமாட்டான். ஊருல உள்ளவன் எல்லாம் என்ன என்னமோ சொல்லுதான். எனக்கு அதெல்லாம் தெரியாது. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. அன்னைக்கு அவன் குடுத்ததத்தான் நீங்க வாங்கினீயளா? உங்க கண்ணால பாத்தீயளா?"

"எல்லாம் முறைப்படிதாம்மா நடந்தது" என்றேன்.

இதை உங்களிடம் சொல்ல எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது. பொய் சொல்லத் துணிவில்லாதவன், உண்மை சொல்லவும் துணிவில்லாதவன் பேசுகிற பேச்சு அது. பத்திரிகைக்காரர்களிடம் பேசும்போது உங்கள் வாயிலும் இது வரும். வரும்போது கவனித்துக்கொள்ளுங்கள்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அவனும் இதத்தான் சொல்லுதான். உங்கள ஒண்ணும் கேக்கக் கூடாதாம். 'டாக்டர் சார் நல்லவரு, அவர இதுல இழுக்காத'ன்னு என்கிட்ட சண்ட போடுதான். நான் இங்கன வந்தது அவனுக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டுச் சீட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டது உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். அவன் விசாரணையில் வாயைத் திறந்து, 'டாக்டர் பார்க்கவில்லை, ஏதோ கீழே விழுந்தது' என்று ஒரு வரி சொன்னால் போதும். சோதனை செல்லாது, பட்டமும் வேலையும் அவனுக்கு. அப்படிச் சொன்னால் நான் மாட்டிக்கொள்வேன் என்று சொல்லாமல் இருக்கிறான்.

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. பாட்டிலில் இருந்தது அவனுடையதுதான் என்று எனக்கு முக்காலே மூணு வீசம் நிச்சயம். மிச்சம் ஒரு வீசத்தில் அந்த டொக்கென்ற சத்தம் இருந்தது. விழுந்தது என்ன? டப்பாவா? நான்கு நாளாக எத்தனையோ பேர் நனைத்துவிட்டுப் போன தரை அது. அவர்களில் யார் யார் என்ன மருந்து போட்டிருந்தார்களோ. அந்தத் தரையில் விழுந்த டப்பாவையே எடுத்து அவன் பிடித்திருந்தால்? திரும்பிப் பார்த்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். வேறு டப்பா கொடுத்திருப்பேன், கதை முடிந்திருக்கும்.

பார்க்கவில்லை என்று சொன்னால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். அவன் உண்மையிலேயே மருந்து போட்டிருந்தால் தப்பித்துவிடுவான். அடி வாங்கி உட்கார்ந்த அந்தக் கல்லூரிப் பையனுக்கு அது அநியாயம். போட்டியை நடத்திய குத்துச்சண்டைச் சங்கத்துச் செயலாளர் வேறு வீட்டுக்கே வந்துவிட்டார். பழக்கமானவர், கெட்டவர் இல்லை. "அண்ணாச்சி, ஆமான்னு ஒரே வார்த்த சொல்லிட்டுப் போயிருங்க. உங்க கையெழுத்து இருக்கு. அத நீங்களே இல்லன்னா, இனி நம்ம ஊர்ல ஒரு போட்டி வைக்க முடியுமா?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

அவர் போன பிறகு மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேலி செய்வாள் என்று நினைத்தேன், செய்யவில்லை. "என் வகுப்புல ஒரு பிள்ள, விடை சரியா இருந்தாலும் வழி எழுதலன்னா நான் மார்க் போட மாட்டேன்" என்றாள். விடைத்தாள் திருத்தப் போய்விட்டாள். பாட்டிலில் இருப்பது சரியா தப்பா என்பதை டெல்லி சொல்லட்டும். நான் கையெழுத்துப் போட்டது என் கண் பார்த்ததற்கு. அதை மட்டும் நான் சொன்னால் போதும் என்று முடிவு செய்தேன்.

விசாரணை ஒரு புதன்கிழமை காலை. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைவர், பக்கத்தில் செயலாளர், விளையாட்டுத் துறை அதிகாரி ஒருவர். எதிரே இசக்கிமுத்துவும் பேச்சியம்மாவும். ஜன்னலுக்கு வெளியே இரண்டு கட்சி ரசிகர்களும் தனித்தனிக் கூட்டமாக நின்றார்கள். இசக்கிமுத்து மெலிந்திருந்தான். அவனிடம் முதலில் கேட்டார்கள். "நான் எதுவும் சாப்பிடல" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டே. மாதிரி எடுத்ததில் ஏதாவது குறை உண்டா என்று கேட்டார்கள். "இல்ல ஐயா. டாக்டர் சார் ஒழுங்காத்தான் எடுத்தாவ" என்றான்.

நீதிபதி என் பக்கம் திரும்பினார். "டாக்டர், 'நேரில் கண்டேன்' என்று குறியிட்டிருக்கிறீர்கள். கண்டீர்களா?"

"இல்லை."

செயலாளர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பையன் கூச்சப்பட்டது, நான் சுவரைப் பார்த்தது, ஏதோ விழுந்த சத்தம், நான் திரும்பாதது, பிறகு கட்டத்தில் குறி போட்டது. சொல்லி முடித்தபோது பயம் இருந்தது. ஆனால் இரண்டு மாதமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிவிட்டது. பேச்சியம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். என்னையா, கடவுளையா என்று தெரியவில்லை.

நீதிபதி படிவத்தைக் கையில் எடுத்தார். "ஒரு கட்டத்தில் பொய் எழுதியவர் மற்ற கட்டங்களில் மெய் எழுதினார் என்று நான் எப்படி நம்புவது?" என்றார். "இந்தச் சோதனை செல்லாது என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். ஆனால் பாட்டிலில் மருந்து இருந்திருக்கிறது. அது இவருடையது இல்லை என்றால் எங்கிருந்து வந்தது? அதற்கு டாக்டர்தான் பதில் சொல்ல வேண்டும். அவர் மேல் தனி விசாரணைக்கு எழுதுகிறேன்."

அவர் சொன்னது நியாயம்தான்.

இசக்கிமுத்து எழுந்து நின்றான்.

"ஐயா, அன்னைக்கு விழுந்தது மூடி. டப்பா இல்ல. டப்பா என் கையிலதான் இருந்திச்சு. அதுல உள்ளது என்னோடதுதான்."

"உட்காருலே" என்று அக்கா கையைப் பிடித்து இழுத்தாள். அவன் உட்காரவில்லை.

"மாத்திரையும் நான்தான் முழுங்கினேன். எங்க அம்மைக்குக் கால் வீக்கத்துக்குக் குடுத்த மாத்திர. எட போடுத அன்னைக்குக் காலையில அரைக் கிலோ கூட இருந்திச்சு. சுத்திச் சுத்தி ஓடியும் இறங்கல. ரெண்டு மாத்திர போட்டேன். டாக்டர் சாருக்கு ஒண்ணும் தெரியாது. அவங்க மேல எழுதாதீய ஐயா."

பேச்சியம்மா அவன் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். பிறகு கையை எடுக்காமல் அங்கேயே வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

பட்டம் கல்லூரிப் பையனுக்குப் போயிற்று. தானாகவே ஒப்புக்கொண்டான் என்பதால் தடையை ஒரு வருஷமாகக் குறைத்தார்கள். அரசு வேலை போனது போனதுதான். எனக்கு மெமோ வந்தது, இரண்டு வருஷம் மாதிரி எடுக்கும் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். ரசிகர்கள் விவாதம் மட்டும் ஓயவில்லை. டாக்டர்தான் பையனை மிரட்டி ஒப்புக்கொள்ள வைத்தார் என்று ஒரு கட்சி சொன்னது. பையனும் டாக்டரும் பேசி வைத்துக்கொண்டு நாடகம் ஆடினார்கள் என்று இன்னொரு கட்சி சொன்னது. இப்போதும் அவன் ஊரை ஒட்டிய அம்பாசமுத்திரம் பக்கம் போனால் இதைப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். இசக்கிமுத்து தடை முடிந்து திரும்பி வந்து ஒரு படி எடை கூடிய பிரிவில் சண்டை போட்டான். அரையிறுதி தாண்டவில்லை. சில வருஷம் கழித்து அதே ஆலையில் நிரந்தரமானான் என்று கேள்விப்பட்டேன்.

ஆனால் உங்களிடம் நான் சொல்ல நினைத்தது, அன்று மதியம் பஸ் நிறுத்தத்தில் நடந்தது. விசாரணை முடிந்து ஸ்கூட்டரை எடுத்தவன், அவர்கள் இருவரும் வெயிலில் நிற்பதைப் பார்த்து நிறுத்தினேன். கோபம்தான் முதலில் வந்தது.

"ஏன்லே சொன்னே? நான்தான் பார்க்கலைன்னு சொல்லிட்டேனே. பேசாம இருந்திருந்தா பட்டமும் வேலையும் உன் கையில."

"நீங்க பாக்கலன்னு நீங்க சொல்லிட்டீய சார். அங்கன இருந்தது நாம ரெண்டு பேருதான். அப்போ பாத்தவன் நான் ஒருத்தன்தான. நான்தான சொல்லணும்?"

அவனை ஏதாவது தட்டிக்கொடுக்க வேண்டும் என்று கையை நீட்டினேன். இடையில் பேச்சியம்மா வந்து நின்றாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. என் மேல் கோபம் இல்லை அவளுக்கு, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"சார், மாத்திரைய முழுங்கினதுக்கு அவன் ஒரு வாரம் பயந்திருப்பான். ஒரு நாள் என்கிட்டயாவது சொல்லி அழுதிருப்பான். வாயத் தெறந்தா உங்களச் சொல்ல வேண்டி வருமேன்னுதான் ரெண்டு மாசமா சோறு எறங்காமக் கெடந்தான். அன்னைக்கு நீங்க பாத்திருந்தா, அவன் அவனுக்காவ மட்டும் பயந்திருப்பாம்லா?"

அவர்கள் ஊர் வழியாகப் போகும் பாபநாசம் பஸ் வந்தது. இருவரும் ஏறிக்கொண்டார்கள். இசக்கிமுத்து ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினான். என்னால் திருப்பி ஆட்ட முடியவில்லை.